பழைய பாய்மரப் படகு வாங்குதல்: மதுரையில் ஓர் என்டர்பிரைஸ், தூத்துக்குடியில் ஒரு ஜே 24. நிலையையும் விலையையும் எப்படி மதிப்பிடுவது?

வைகைவாசி (மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கிறேன். கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் இருந்தபோது என்டர்பிரைஸ் என்னும் சிறிய வகைப் பாய்மரப் படகில் பாய் விரித்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு வேலை, குடும்பம் என்று காலம் ஓடிவிட்டது. இப்போது பிள்ளைகள் இருவரும் நன்றாக நீந்தத் தொடங்கிவிட்டதால், விடுமுறை நாட்களில் மண்டபம் பக்கம் கொண்டுபோய் ஓட்டுவதற்குப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். விசாரித்ததில் இரண்டு படகுகள் கண்ணில் பட்டுள்ளன.

முதலாவது, அழகர்கோவில் சாலையில் ஒரு தோட்ட வீட்டில் டிரெய்லரோடு நிற்கும் ஃபைபர் என்டர்பிரைஸ். தார்ப்பாய் போர்த்தி மாமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள்; பல ஆண்டுகளாகத் தண்ணீரில் இறங்கவில்லை. இரண்டு ஜோடிப் பாய்கள், அலுமினியப் பாய்மரம், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். உடல் புதிது போலப் பளபளக்கிறது. "கழுவிவிட்டுக் கடலில் இறக்க வேண்டியதுதான்" என்கிறார் உரிமையாளர்.

இரண்டாவது, தூத்துக்குடியில் ஒரு படகுப் பட்டறையில் கரையேற்றி வைத்திருக்கும் ஜே 24 என்னும் பெரிய வகைப் பாய்மரப் படகு. 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டில் கட்டப்பட்டது என்றும், கைமாறிக் கைமாறி இங்கே வந்தது என்றும் சொல்கிறார்கள். அவுட்போர்டு இன்ஜினும் உண்டு. 6,50,000 ரூபாய் கேட்கிறார்கள். உள்ளே படுப்பதற்கு இடம் இருப்பதால் என் மனைவிக்கு இதன்மேல்தான் விருப்பம். அதற்கான பணத்தையும் எங்களால் திரட்ட முடியும்.

கார், மோட்டார் சைக்கிள் என்றால் ஆண்டையும் ஓடிய தூரத்தையும் வைத்து விலையைச் சொல்லிவிடலாம். பாய்மரப் படகுக்கு நம் பக்கம் அப்படி ஒரு சந்தையே இல்லை. படகைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயரை மதுரைக்கு வரவழைத்தால் சிறிய படகின் விலையில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஆகவே, நேரில் போய்ப் பார்க்கும்போது நானே எவற்றைச் சோதிக்க வேண்டும், வண்ணப்பூச்சு எவற்றையெல்லாம் மறைக்கும், கேட்கும் விலை நியாயமானதா என்பதை எந்த அடிப்படையில் தீர்மானிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

தோணித்துறை (தூத்துக்குடி) எழுதியது:

வணக்கம் தம்பி. ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் உடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பாய், பாய்மரம் பற்றி அதை நன்கு அறிந்தவர்கள் எழுதட்டும்.

பளபளப்பை நீங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலிஷ் போட்டாலோ, மேலே ஒரு பூச்சுப் பெயிண்ட் அடித்தாலோ எந்தப் படகும் மின்னும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போய், உடலின் பக்கவாட்டில் கண்ணைத் தாழ்த்தி வைத்து அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்பலகை வரை நோக்குங்கள். பழுது பார்த்த இடம் எவ்வளவு நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் மேடாகவோ பள்ளமாகவோ தெரிந்துவிடும். பிறகு உள்ளே டார்ச் அடித்து அதே இடத்தைப் பாருங்கள். வெளியே நேர்த்தியாக முடித்தவர்கள்கூட உட்புறத்தில் ஒட்டிய கண்ணாடி இழைத் துண்டை அப்படியே முரடாக விட்டிருப்பார்கள். பழுது பார்த்திருப்பது குற்றமில்லை. சொல்லாமல் மறைத்திருந்தால் மற்றவற்றையும் இரு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்ததாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பது போலத்தான் இதுவும். ஒரு நாணயத்தாலோ ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியாலோ உள்ளங்கை அகல இடைவெளிகளில் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி கணீரென்று வந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றன. திடீரென மந்தமான ஒலி வந்தால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது நடுவில் உள்ள பொருள் நீர் குடித்திருக்கலாம். உள்ளே தடுப்பு வைத்து இறுக்கிய இடங்களிலும் ஒலி மாறும் என்பதால், இடப்பக்கம் மாறினால் வலப்பக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் அது கட்டுமானத்தின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மாறினால் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெல்கோட்டில், அதாவது ஃபைபர் உடலின் பளபளப்பான வெளிப்பூச்சில், உள்ள விரிசல்களின் வடிவமும் செய்தி சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் நட்சத்திரம் போலப் பரவியிருந்தால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது. இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் ஒவ்வோர் அலைக்கும் வளைந்து நிமிர்ந்திருக்கிறது என்று பொருள்; பாய்மரத்தின் அடியிலும் சுக்கான் மாட்டும் இடத்திலும் அப்படிக் கண்டால் விட்டுவிடாதீர்கள். வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டும் ஜெல்கோட் பார்வைக்கு அசிங்கமாக இருக்குமே தவிர, பெரும்பாலும் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். பலர் இதைப் பார்த்துப் பயந்து நல்ல படகை விட்டுவிடுகிறார்கள்.

நீரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த ஃபைபர் படகுகளில் அடியில் கொப்புளங்கள் வரும். ஜெல்கோட் வழியே நீர் மெல்ல உள்ளிறங்கி, கண்ணாடி இழைகளைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள கரையக்கூடிய பொருட்களோடு சேர்ந்து அமிலத் தன்மையுள்ள திரவமாகித் தேங்குவதால் அவை உண்டாகின்றன. குத்தினால் காடி போன்ற நாற்றத்தோடு நீர் பீய்ச்சும். ஆகவே கண்ணாடி அணியாமல் யாரும் குத்த வேண்டாம். டிரெய்லரில் நின்ற உங்கள் என்டர்பிரைஸில் இது இருக்க வாய்ப்பு குறைவு. ஜே 24 எவ்வளவு காலம் நீரில் கிடந்தது என்று கேளுங்கள்.

அந்த ஜே 24இன் உடலும் மேல்தளமும் கண்ணாடி இழைக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டப்பட்டவை. பால்சா எடை குறைந்தது, வலுவானது. ஆனால் ஒரு திருகாணித் துளை வழியாக நீர் புகுந்தாலும் ஊறி, பின்பு மக்கிவிடும். மேல்தளத்தில் வெறுங்காலுடன் நின்று குதிகாலை அழுத்தி அழுத்தி நடங்கள். கால் அமுங்குவது போலத் தெரிந்தாலோ, பொருத்துகளைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ உள்ளே மரம் போய்விட்டது. அந்த வகையின் பழைய படகுகளில் உள்ளே குறுக்குத் தடுப்பாக நிற்கும் பிளைவுட் பலகை, பாய்மர வடங்கள் வந்து சேரும் உலோகப் பட்டைகளைச் சுற்றி மக்குவது பரவலாக அறியப்பட்ட குறை. அந்த இடத்தைக் கூர்மையான ஊசியால் குத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அதன் அடியில் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டுள்ள ஈய ஏரா (படகு கவிழாமல் நிறுத்தும் அடிப்பாரம்) ஏறத்தாழ 430 கிலோ எடையுள்ளது. ஏரா உடலோடு சேரும் கோட்டின் முன்முனையில் சிரித்த வாய் போல ஒரு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிரேனால் படகைத் தூக்கச் சொல்லி, ஏரா தொங்கும்போது அந்த விரிசல் அகல்கிறதா, கீழே வைத்ததும் மூடிக்கொள்கிறதா என்று கவனிக்க வேண்டும். அகன்று மூடினால் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது அவை இறங்கியிருக்கும் அடித்தளம் கெட்டிருக்கிறது. இது எளிதில் சமாளிக்கக்கூடிய பழுது அன்று.

இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலைக் குளிரில் கிளப்புவதற்குப் படும் பாடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அடிப்பெட்டியின் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஓடும்போது பின்புறம் குளிர்நீர் ஒரே சீராகப் பீய்ச்ச வேண்டும். எங்கள் ஊரில் அவுட்போர்டு மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவரைக் கையோடு அழைத்துப் போய் சிலிண்டர் அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள்.

கொண்டல்காற்று (சென்னை, சொந்த ஊர் மேலூர்) எழுதியது:

தோணித்துறை ஐயா உடலைப் பற்றி எழுதியவற்றுடன் முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் மதுரையில் நிற்கும் படகுக்கு, கடலோரத்தில் யாரும் கேட்காத இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று கரையான். நடுவே இறக்கி ஏற்றும் பலகை, சுக்கான் பலகை, இருக்கைப் பலகை ஆகியவை மரத்தாலானவை என்றால் அவற்றைக் கையில் எடுத்து எடையைப் பாருங்கள். ஓரங்களை ஊசியால் குத்திப் பாருங்கள். வார்னிஷ் மேலே அப்படியே இருக்க, உள்ளே வெறும் கூடாகியிருக்கும். மற்றொன்று எலி. மிதவை அறைகளின் (கவிழ்ந்தாலும் படகை மூழ்காமல் தாங்கும் காற்றறைகள்) மூடிகளைத் திறந்து உள்ளே பாருங்கள். கூடு கட்டியிருந்தால் மூடியின் ரப்பரையும், அங்கே வைத்திருந்த பாயையும் கடித்திருக்கும்.

என்டர்பிரைஸ் 1956இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த படகு. நீளம் 4.04 மீட்டர், பொருத்துகள் நீங்கலான உடலின் எடை ஏறத்தாழ 94 கிலோ. இந்த எண் உங்களுக்கு மிகவும் பயன்படும். பாய்மரம், பருமல் (பாயின் அடியோரத்தைத் தாங்கும் கழி), பலகை, சுக்கான், கயிறுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடலை மட்டும் தொங்கு தராசில் எடை போடுங்கள். நான்குவழிச் சாலையோரத்து எடைமேடை லாரிகளுக்கானது. அது காட்டும் அளவு இவ்வளவு சிறிய படகுக்குத் துல்லியமாக இராது. பழைய இரும்பு வாங்கும் பெரிய கடைகளில் சங்கிலியில் மாட்டும் மின்னணுத் தராசு இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஓரிரு கிலோ கூடுவது இயல்பு. பத்து கிலோவுக்கு மேல் கூடினால் எங்கோ நீர் தேங்கியிருக்கிறது, அல்லது பழுது என்ற பெயரில் ரெசினை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

மிதவை அறைகள் காற்றுப் புகாமல் இருக்கின்றனவா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், குறிப்பாகப் பிள்ளைகளை ஏற்றப் போவதால். வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். இணைப்புகளின்மேல் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். இதற்கு பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் அறையே பிளந்துவிடும்.

பாய்மரத்தை நிறுத்தும் எஃகு வடங்களில் ஒரு பஞ்சுத் துண்டைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை இழுங்கள். அறுந்த இழை இருந்தால் பஞ்சு சிக்கும். வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும். வடத்தின் நுனியில் அழுத்திப் பொருத்தியிருக்கும் குழல்தான் முதலில் கெடும் இடம். உப்புநீர் அங்கே தேங்கி, காற்றுப் படாத இடுக்கில் எஃகை அரிக்கும். அதில் மயிரிழை விரிசலோ துருக்கறையோ கண்டால் அந்த வடத்தை மாற்றியே ஆக வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வடங்களைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். அலுமினியப் பாய்மரத்தில் எஃகுப் பொருத்துகள் பதிந்திருக்கும் இடங்களைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருக்கும். இரு உலோகங்களும் உப்புநீரில் சேரும்போது அலுமினியம் தின்னப்படுவதன் அடையாளம் அது. பாய்மரத்தைத் தரையில் கிடத்தி, ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்து நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாய்களைத் தரையில் விரிக்கச் சொல்லுங்கள். சுருட்டிய நிலையில் பாயை மதிப்பிட இயலாது. பாலியெஸ்டர் துணி புதிதாக இருக்கும்போது மொடமொடவென்று இருக்கும். பழசாக ஆக வேட்டி போல மிருதுவாகிவிடும். ஆயினும் துணிக்கு முன்பே வெயிலில் சாவது தையல்நூல். நகத்தால் தையலைக் கீறிப் பாருங்கள். நூல் பட்டென்று அறுந்தால், துணி நன்றாக இருந்தாலும் பாய் முழுவதையும் மறுபடி தைத்தாக வேண்டும். போட்டிகளில் ஓட்டுபவர்களுக்கு வடிவம் தளர்ந்த பாய் உதவாது. உங்களைப் போலக் குடும்பத்தோடு ஓட்டுபவர்களுக்கு, தையல் உறுதியாக இருந்தால் அதே பாய் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இந்த வேறுபாட்டைப் பேரத்தில் பயன்படுத்துங்கள்.

இப்போது எந்தப் படகு என்ற கேள்வி. நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும், மதிப்பு என்பது எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மண்டபத்தில் வடகரை பாக் விரிகுடா, தென்கரை மன்னார் வளைகுடா. நடுவே நிலம் மிகக் குறுகியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும்போது வடகரை பெரும்பாலும் தணிந்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகும். டிரெய்லரில் வரும் சிறிய படகை அன்றைய காற்றுக்கு ஏற்ற கரையில் இறக்கிக்கொள்ளலாம். ஜே 24 நீருக்குக் கீழே 1.22 மீட்டர் ஆழம் கேட்கிறது. எடை ஏறத்தாழ 1,400 கிலோ. கிரேன் இல்லாமல் இறக்குவதும் ஏற்றுவதும் மிகக் கடினம். பாக் விரிகுடாவின் கரையோரமோ வெகுதூரம் வரை இடுப்பளவு நீர்தான். உல்லாசப் படகுகளை நிறுத்திப் பராமரிக்கும் துறை நம் தென்கரையில் இல்லாத நிலையில், அவ்வளவு பெரிய படகை யார் பொறுப்பில் கட்டிவைத்துவிட்டு மதுரைக்குத் திரும்புவீர்கள்? ஜே 24 மிக அருமையான படகு. ராட் ஜான்ஸ்டன் வடிவமைத்து, 1977இல் விற்பனைக்கு வந்த அந்த வகை இன்றும் உலகெங்கும் பந்தயங்களில் ஓடுகிறது. மதுரையிலிருந்து ஓட்டுபவருக்கு அது பொருந்துமா என்பதுதான் என் ஐயம்.

வரவுசெலவு (மதுரை, கே.கே.நகர்) எழுதியது:

எனக்குப் படகின் உடலைப் பற்றித் தெரியாது. ஆனால் பழைய படகு ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து வாங்கி, கணக்கு எழுதியவன் என்ற முறையில் விலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய படகின் விலையில் உடலுக்கு உள்ள பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஃபைபர் உடல் பல பத்தாண்டுகள் நிற்கும். அதனால் நல்ல உடல்கள் உலகில் மிகுதியாக இருக்கின்றன. தேய்ந்து தீர்பவை பாய்களும், வடங்களும், கயிறுகளும், டிரெய்லரும். ஆகவே "இந்தப் படகு எவ்வளவு பெறும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இது பாதுகாப்பாக மிதப்பதற்குள் என் கையிலிருந்து இன்னும் எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். நண்பர்கள் மேலே சொன்ன சோதனைகளில் தெரியும் குறைகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதல் முறை இறக்குவதற்கு முன்பே செய்தாக வேண்டியவை ஒரு பக்கம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டியவை மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் செய்பவரிடமே விலை கேட்டு எழுதுங்கள். ஊகமாக எழுதினால் பாதிதான் வரும். முதல் பக்கத்தின் கூட்டுத்தொகையை முழுவதும், இரண்டாம் பக்கத்தில் பாதியையும் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேச்சைத் தொடங்கலாம். விற்பவருக்கு அந்தத் தாளையே காட்டுங்கள். குறைத்துக் கேட்கிறோம் என்ற கசப்பு வராது.

ஜே 24க்கு மேலும் ஒரு கணக்கு உண்டு: ஆண்டுதோறும் கிரேன் வாடகை, பட்டறை வாடகை, அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் அடிக்கும் பெயிண்ட், காவல். வாங்கும் விலையை ஒரு முறை கொடுப்போம். இதை ஆண்டுக்கு ஆண்டு கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆவணங்களில் கவனமாக இருங்கள். வெளிநாட்டில் கட்டிய படகு என்றால், அது சுங்கத் தீர்வை கட்டி முறைப்படி இறக்குமதி செய்யப்பட்டதற்கான பில் ஆஃப் என்ட்ரி இருக்க வேண்டும். "கைமாறிக் கைமாறி வந்தது" என்ற விளக்கம் போதாது. தீர்வை கட்டாத பொருள் யார் கையில் இருந்தாலும் சுங்கத் துறை அதைக் கைப்பற்ற முடியும். அமெரிக்காவில் கட்டிய படகின் பின்பலகையில் வலப்பக்கம் ஓர் அடையாள எண் பொறித்திருக்கும். ஆண்டைக் குறிக்கும் இலக்கங்களும் அதில் உண்டு. அந்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சிலர் மீன்பிடிப் படகுக்கான பதிவுச் சான்றைக் காட்டுவார்கள். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் வரும் பதிவு மீன்பிடிக் கலங்களுக்கானது. பொழுதுபோக்குப் படகுக்கு அதை ஆவணமாக ஏற்காதீர்கள்.

என்டர்பிரைஸை வாங்கினால் டிரெய்லரின் பதிவுச் சான்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். லேத் பட்டறையில் செய்த பல டிரெய்லர்களுக்கு அது இருப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நம் ஊர் வெயிலில் ஓடாமல் நின்ற டயர், பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும். அதை நம்பி மண்டபம் வரை 150 கிலோமீட்டர் இழுத்துப் போகக் கூடாது.

வைகைவாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு படகுகளையும் பார்த்துவிட்டு வந்தேன்.

தூத்துக்குடி அண்ணாச்சி சொன்னபடி ஜே 24இன் மேல்தளத்தில் வெறுங்காலுடன் நடந்தேன். பாய்மரத்துக்கு முன்னால் ஓர் இடத்திலும், பின்புறம் உட்காரும் பள்ளத்தின் தரையிலும் கால் தெளிவாக அமுங்கியது. உள்ளே பிளைவுட் தடுப்பைக் குத்திப் பார்க்க அவர்களே அனுமதித்தார்கள். வலப்பக்கப் பட்டைக்கு அருகில் ஊசி தடையின்றி இறங்கியது. ஏராவின் இணைப்பில் விரிசல் இல்லை. பில் ஆஃப் என்ட்ரி பற்றிக் கேட்டபோது, தேடித் தருவதாகச் சொன்னார்கள், இதுவரை வரவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கியதும் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்டர்பிரைஸின் உடல் தட்டிய இடமெல்லாம் ஒரே ஒலியைத் தந்தது, அணியத்தின் இடப்பக்க அடியில் கையகலப் பழுது ஒன்றைத் தவிர. அதை உள்ளேயும் நன்றாக முடித்திருக்கிறார்கள். சுக்கான் பலகையைக் கரையான் அரித்திருக்கிறது. ஒரு ஜோடிப் பாயில் நூல் நகம் பட்டதும் அறுந்தது. மற்றொரு ஜோடி பையிலேயே இருந்ததால் உறுதியாக இருக்கிறது. வடங்கள் அனைத்தும் பழையவை. டிரெய்லருக்குப் பதிவு இல்லை. தொங்கு தராசில் உடலின் எடை 107 கிலோ காட்டியது. சோப்பு நீர்ச் சோதனையில் இடப்பக்க மிதவை அறையின் மூடியில் குமிழி வந்தது. செய்பவர்களிடம் விலை கேட்டு எழுதியதில், இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை 48,000 ரூபாயும், பிறகு செய்ய வேண்டியவை 22,000 ரூபாயும் வருகின்றன. டிரெய்லரைப் பதிவு செய்யும் செலவு இதில் சேரவில்லை. இந்த 107 கிலோவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் எனக்கு மிஞ்சியிருக்கும் கேள்வி.

தோணித்துறை எழுதியது:

தம்பி, அந்த 13 கிலோ எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம். கையகலப் பழுது அவ்வளவு எடையைக் கூட்டாது. மிதவை அறையின் மூடி கசிகிறது என்கிறீர்கள். மழைநீர் அதன் வழியே இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உரிமையாளரிடம் பேசி, எல்லா மூடிகளையும் திறந்து, வடிகால் அடைப்புகளைக் கழற்றி, அணியம் சற்று உயரமாக இருக்குமாறு டிரெய்லரைச் சாய்த்து, மழை படாத இடத்தில் மூன்று வாரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். மதுரை வெயில் உங்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் பெரிய உதவி. பிறகு அதே தராசில் மறுபடி எடை போடுங்கள். நூறுக்குக் கீழே வந்துவிட்டால் அது தேங்கிய நீர்தான். மூடிக்குப் புது ரப்பர் போட்டால் போதும். எடை குறையவே இல்லை என்றால், அறைக்குள் மிதவைக்காக வைத்த ஃபோம் நீர் குடித்திருக்க வேண்டும். ஃபோம் குடித்த நீர் வெயிலில் எளிதாக வெளியேறாது. அறையை வெட்டித் திறந்து, பழைய ஃபோமை எடுத்துவிட்டுப் புதிது வைத்து மூட வேண்டியிருக்கும். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் உங்கள் 48,000இல் அது இல்லை. உட்புறத்தில் தேவையற்ற இடங்களில் தடித்த ரெசின் பூச்சு இருக்கிறதா என்பதையும் அப்போதே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கொண்டல்காற்று எழுதியது:

எடை நூறுக்குக் கீழே வந்தால் 80,000 ரூபாய் வரை தயங்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. உறுதியான ஒரு ஜோடிப் பாயும், ஒரே ஒலி தரும் உடலும் சேர்ந்து கிடைப்பது அரிது. வடங்களை மாற்றும்போது மலிவான எஃகுக்குப் போகாமல் உப்புநீர் அரிப்பை நன்கு தாங்கும் 316 தர எஃகையே கேளுங்கள். மிச்சமிருக்கும் நல்ல பெரிய பாயில், காற்று மிகும்போது பரப்பைச் சுருக்கிக் கட்டுவதற்கான வளையங்களைத் தைத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு ஓட்டுவதற்கு அது மிகவும் தேவை. மண்டபத்தில் முதல் முறை இறக்குவதற்கு முன் அங்குள்ள கடலோரக் காவல் நிலையத்தில் படகின் விவரத்தையும் உங்கள் அடையாள அட்டையின் நகலையும் கொடுத்துப் பேசிவிடுங்கள். அது சர்வதேச எல்லைக்கு அருகில் உள்ள கடல். தென்கரையில் உள்ள தீவுகள் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவைச் சேர்ந்தவை என்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது. ரசீதில் படகின் பாய் எண், உடலில் பொறித்த எண், டிரெய்லரின் அச்சு எண் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். டிரெய்லரைப் பதிவு செய்யப் போகும்போது அந்த ரசீது கைவசம் இருப்பது நல்லது.